வெள்ளுடை வேந்தர் தியாகராயர்

சென்னை மாநகரின் வடபால் கடலை ஒட்டி அமைந்திருப்பது காசிமேடு. கட்டுமரத்தையும் வலையையும் நம்பி வாழ்ந்த மீனவர் குப்பமாக அது இருந்த நாளில், அதற்கு மேற்கே தண்டையார்ப்பேட்டையிலும் வண்ணாரப்பேட்டையிலும் தறியோசை ஓயாது கேட்டுக்கொண்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியார் கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்தமையால் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. தெற்கே இராயபுரத்தில் 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் இரயில் நிலையம் திறக்கப்பட்டது. கடலும் தறியும் இரயிலும் கூடிய அவ்விடத்தில் வாணிகம் பெருகியது. ஆயினும் உழைப்பவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எட்டாத பொருளாகவே இருந்தது. மீனவச் சிறுவன் கரையில் நின்று வலை இழுத்தான்; நெசவாளர் வீட்டுச் சிறுவன் தறியின் அருகில் அமர்ந்து தார் சுற்றினான்.

இந்த வடசென்னையின் தறிகளையும் தெருக்களையும் நன்கறிந்தவர் பிட்டி தியாகராயச் செட்டியார். அவர் 1852ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் பிறந்தார். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் மரபினர். பிட்டி என்பது அவர்தம் குடும்பப் பெயர். செல்வர் வீட்டுப் பிள்ளையாயினும் கல்வியைப் புறக்கணித்தாரில்லை. மாநிலக் கல்லூரியிற் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டம் பெற்றோர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தையோ வக்கீல் தொழிலையோ நாடிச் செல்வர். தியாகராயரோ தம் குடும்பத் தொழிலுக்கே திரும்பினார்.

மேனாட்டு ஆலைத் துணி மலிவு விலையில் வந்து குவிந்துகொண்டிருந்த காலம் அது. கைத்தறியாளர் பலர் தறியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கூலிவேலை தேடினர். தியாகராயர் ஏறத்தாழ நூறு தறிகளைக் கொண்ட நெசவுச்சாலை ஒன்றை நடத்தினார். ஓடத்தைக் கையால் எறிந்து வாங்கும் பழைய முறையை விடுத்து, கயிற்றை இழுத்த அளவில் நாடா தானே ஓடும் புதிய தறியை அவர் விரும்பி மேற்கொண்டார். அதனால் நெசவு விரைவாயிற்று. தென்னிந்திய வர்த்தக சங்கம் 1909ஆம் ஆண்டு தோன்றியபோது அதனை நிறுவியவருள் ஒருவராய் விளங்கினார். அதன் தலைமையையும் ஏற்றார்.

எப்பொழுதும் தூய வெள்ளாடையே அணிந்தமையால் மக்கள் அவரை வெள்ளுடை வேந்தர் என்று அழைத்தனர். சென்னை நகராட்சி மன்றத்தில் அவர் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உறுப்பினராயிருந்தார். சாக்கடைக்கும் குடிநீருக்கும் விளக்குக் கம்பத்துக்கும் நாற்பது ஆண்டு வாதாடுவது எளிதான செயலன்று. அதில் புகழும் அதிகம் இல்லை. 1916ஆம் ஆண்டு டாக்டர் டி. எம். நாயர், டாக்டர் சி. நடேசனார் ஆகியோருடன் கூடித் தென்னிந்திய நலவுரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். நீதிக்கட்சி என்று நாடறிந்தது அதுவே. 1920ஆம் ஆண்டுத் தேர்தலில் அக்கட்சி வென்றது. முதல் அமைச்சர் பதவியை ஏற்குமாறு ஆளுநர் வில்லிங்டன் பிரபு அழைத்தார். தியாகராயர் மறுத்துவிட்டார். கடலூர் சுப்பராயலு ரெட்டியார் அப்பதவியில் அமர்ந்தார்.

கிடைத்த பதவியை விட்டுக்கொடுத்தது பெருஞ்செய்திதான். ஆனால் அதே ஆண்டில் அவர் செய்த மற்றொரு செயல் அதனினும் பெரிது.

அரசாங்க அதிகாரி அல்லாதாருள் முதல்வராகச் சென்னை மாநகராட்சியின் தலைவர் பதவிக்கு வந்தவர் தியாகராயர். நகரின் நடுவே ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பள்ளி ஒன்று நடந்துவந்தது. அங்கே பயிலும் பிள்ளைகள் ஏழைகள். அவ்வறுமையால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் குன்றுகிறது என்பதை அவர் மன்றத்தில் எடுத்துரைத்தார். பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கும் தீர்மானத்தை 1920ஆம் ஆண்டு மன்றம் ஏற்றது. மாணவன் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் செலவிடுவது என்று வரையறுத்தனர். பதினாறு அணா ஒரு ரூபாய். ஆக, பதினாறு பிள்ளைகளின் ஒருநாள் பசி ஒரு ரூபாயில் தீரும்.

இது தியாகராயர் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த பணமன்று. ஊரார் கொடுத்த வரிப்பணம். அங்கேதான் அச்செயலின் நுட்பம் இருக்கிறது. செல்வர் ஒருவர் விழா நாளில் சோறிட்டால் அது அன்றோடு முடியும். மாநகராட்சி தன் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரியை எழுதிவிட்டால், பள்ளி நடக்கும் நாளெல்லாம் இலை விழும். கூலிக்குப் போனால் உணவு கிடைக்கும், பள்ளிக்குப் போனால் பட்டினி என்ற நிலையில் ஏழைத்தாய் எதைத் தேர்ந்தெடுப்பாள்? தறி முதலாளியாய் இருந்தவருக்கு இக்கணக்கு விளங்காமலிராது. இங்கிலாந்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்க உள்ளூராட்சி மன்றங்களுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1906ஆம் ஆண்டுதான் பிறந்தது. பதினான்கே ஆண்டுகளில் அடிமை நாட்டு நகரம் ஒன்று அவ்வழியில் நடக்கத் துணிந்தது.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. பள்ளிக்கு வரும் பிள்ளைகளின் தொகையும் உயர்ந்தது. ஆனால் இடையூறு மேலிடத்திலிருந்து வந்தது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவு செய்தல் கூடாது என்று ஆங்கில அரசாங்கம் தடுத்தது. கல்விக்கு ஒதுக்கிய பணம் கல்விக்கே என்பது அவர்கள் வாதம். பசித்த பிள்ளை எவ்வாறு கற்பான் என்ற வினாவுக்கு அவ்வாதத்தில் இடமில்லை. 1925ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. அதே மாதம் 28ஆம் நாள், எழுபத்து மூன்று வயது நிறைந்த மறுநாள், தியாகராயர் இயற்கை எய்தினார்.

நகரின் தென்மேற்கில் அந்நாளில் உருவாகிவந்த புதிய குடியிருப்புக்குத் தியாகராய நகர் என்று அவர் பெயரைச் சூட்டினர். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வளாகத்தில் அவருக்குச் சிலையும் எழுந்தது. அவர் வாழ்ந்த வடசென்னை சிறிது காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் பெயர் தாங்கிய கல்லூரி 1950ஆம் ஆண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் தோன்றியது.

நின்றுபோன உணவு அதற்கு முன்பே மீண்டும் வந்துவிட்டது. 1927ஆம் ஆண்டு இருபத்தைந்து பள்ளிகளில் ஏறத்தாழ ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்கு மாநகராட்சி மறுபடியும் உணவளித்தது. 1956ஆம் ஆண்டு காமராசர் ஆட்சியில் மதிய உணவு நகரெல்லை கடந்து நாட்டுப்புறப் பள்ளிகளுக்குச் சென்றது. 1982ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் பரிமாறப்படுகிறது.