பாலத்தைத் தூக்கி நிறுத்தியவர்

பிரான்சு நாட்டில் ஒரு பாலம். கட்டி முடித்துச் சில மாதங்கள்தான் ஆகின்றன. அதன் வளைவுகள் கீழே இறங்கத் தொடங்கிவிட்டன!

அதைக் கட்டிய என்ஜினீயருக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் பெயர் யூஜீன் பிரெசினே.

குடியானவர் பிள்ளை

பிரெசினே 1879-ம் ஆண்டு ஜூலை 13-ந் தேதி ஒப்ஜா என்ற சிற்றூரில் பிறந்தார். குடியானவர் வழி வந்த குடும்பம்.

பாரீசில் படித்தார். பேர்போன என்ஜினீயரிங் கல்லூரியில் சேர முதலில் பரீட்சை எழுதியபோது இடம் கிடைக்கவில்லை. மறுதடவை கிடைத்தது. 1905-ல் மூலேன் நகரில் சர்க்கார் என்ஜினீயர் ஆனார்.

அந்த வட்டாரத்தில் அல்லியே ஆற்றின் மேல் 3 பாலங்கள் கட்டவேண்டி இருந்தது. பிரெசினே காங்கிரீட் பாலங்களுக்குப் படம் போட்டார். மெர்சியே என்ற காண்டிராக்டர் அந்தப் படத்தைப் பார்த்தார். ஒரு கல் பாலத்துக்குப் போட்ட மதிப்பில் மூன்றையும் கட்டித் தருகிறேன் என்று துணிந்து முன்வந்தார்.

முதலில் எழுந்தது வெர்ட்ரு என்ற ஊரின் பாலம். நடு வளைவின் நீளம் மட்டும் 70 மீட்டருக்கு மேல்.

அந்த இரவு

1911-ல் அந்த வளைவுகள்தான் இறங்கின. தினமும் கொஞ்சம், கொஞ்சம். சுமார் 13 சென்டிமீட்டர் இறங்கிவிட்டது. இன்னும் போனால் பாலம் ஆற்றில்தான்!

ஓர் இரவு பிரெசினே சைக்கிளில் ஏறிப் புறப்பட்டார். மேலதிகாரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்பிக்கையான ஆட்கள் நாலு பேரை எழுப்பினார்.

வளைவின் உச்சியில் ஜாக்கி வைக்க அவர் முன்பே இடம் விட்டிருந்தார். அது இப்போது கைகொடுத்தது. ஜாக்கிகளை வைத்து மூன்று வளைவுகளையும் ஒரே நேரத்தில் தூக்கினார்கள். அன்று அந்த ஊரில் சந்தை நாள். வண்டி வந்தபோதெல்லாம் வேலையை நிறுத்தி வழிவிட வேண்டியிருந்தது!

வளைவுகள் பழைய மட்டத்துக்கு வந்தன. உச்சியைக் காங்கிரீட்டால் அடைத்தார். பாலம் பிழைத்தது.

பாலம் சொன்ன பாடம்

பாரம் ஏறினால் காங்கிரீட் உடனே கொஞ்சம் சுருங்கும், அதோடு சரி என்றுதான் அந்தக் காலப் புத்தகங்களும் சர்க்கார் விதிகளும் கூறின. வெர்ட்ரு பாலம் வேறு விதமாகக் கூறியது. பாரம் நிற்க நிற்க, காங்கிரீட் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்லச் சுருங்கிக்கொண்டே போகும்!

இது ஏன் பெரிய விஷயம்?

மாட்டு வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழுக்கக் காய்ந்த இரும்புப் பட்டை ஆறும்போது மரத்தை இறுக்கிப் பிடிக்கும். காங்கிரீட்டையும் இப்படி இறுக்கலாம். அதனுள் கம்பியை இழுத்துக் கட்டினால் போதும். சுருங்கப் பார்க்கும் கம்பி, காங்கிரீட்டை அமுக்கிப் பிடிக்கும். பாரம் ஏறினாலும் எளிதில் விரியாது.

பலர் செய்து பார்த்துத் தோற்றார்கள். காங்கிரீட் சுருங்கச் சுருங்க, இழுத்த கம்பி தொய்ந்துவிட்டது. உறுதியான எஃகுக் கம்பியை மிகப் பலமாக இழுத்தால், கொஞ்சம் தொய்ந்தாலும் பெரும் பகுதி இழுப்பு மிஞ்சும் என்று பிரெசினே கண்டார். 1928-ல் காப்புரிமை பெற்றார். இன்று இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. அவருக்கு வாய்த்த பாடப் புத்தகம் அந்தப் பாலம்தான்.

சொத்து போயிற்று

அதற்குள் அவர் பெரிய கம்பெனியில் பேரும் பணமும் சம்பாதித்திருந்தார். ஓர்லியில் ஆகாயக் கப்பல்களுக்குக் கட்டிய இராட்சதக் கொட்டகைகளும், 1930-ல் திறந்த பிளூகாஸ்தெல் பாலமும் அவர் வேலைதான்.

50 வயதில் அந்த வேலையை விட்டார். மோந்தார்ஜியில் புது முறையில் மின்சாரக் கம்பங்கள் செய்யும் தொழிற்சாலை தொடங்கினார். கம்பங்கள் மிக நன்றாக இருந்தன. வாங்கத்தான் ஆள் இல்லை. உலகெங்கும் பண நெருக்கடி. கைப்பொருள் எல்லாம் கரைந்தது.

1934-ல் லெ ஆவர் துறைமுகத்தில் புதிய கப்பல் நிலையக் கட்டடம் மாதந்தோறும் சுமார் 25 மில்லிமீட்டர் புதைந்துகொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் பிரெசினேயைக் கூப்பிட்டார்கள். அஸ்திவாரங்களைக் கம்பிகளால் இறுக்கி ஒன்றாக்கினார். கீழே புதுத் தூண்களை இறக்கினார். கட்டடம் நின்றது!

அதன்பின் அவரைத் தேடி வேலை வந்தது. 1946-ல் மார்ன் ஆற்றின் மேல் லுசான்சி பாலம் முடிந்தது. 1954-ல் நம் செங்கல்பட்டுக்கு அருகே பாலாற்றிலும் இழுத்துக் கட்டிய கம்பிப் பாலம் வந்தது.

பிரெசினே 1962 ஜூன் 8-ந் தேதி, 82-ம் வயதில் காலமானார். அவர் இரவில் தூக்கி நிறுத்திய வெர்ட்ரு பாலம் இரண்டாம் உலகப் போரில் தகர்க்கப்பட்டது. அதோடு பிறந்த பூத்திரோன் பாலம் அதே ஆற்றின் மேல் இன்றும் நிற்கிறது.