பயாஸுக்குப் பேர் வெச்சவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்டர்ன்ஷிப் கிளம்புற நேரம். செகண்ட் ஹேண்ட்ல வாங்கின லேப்டாப், பயாஸ் பாஸ்வேர்டு கேட்டு நின்னா என்ன பண்ணுவீங்க? விண்டோஸை மாத்திப் போட நினைப்பீங்க. வேலைக்கு ஆகாது. ஏன்னு புரியணும்னா கேரி கில்டாலைத் தெரிஞ்சுக்கணும்.

1942-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் பிறந்தவர். மான்டெரேயில் கடற்படை அதிகாரிகளுக்குக் கணினிப் பாடம் நடத்தினார். 1974-ல் சிபி/எம் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கினார். மனைவி டோரதியோடு சேர்ந்து டிஜிட்டல் ரிசர்ச் கம்பெனியைத் தொடங்கினார். அப்போ ஒவ்வொரு கம்பெனி மெஷினும் ஒவ்வொரு மாதிரி. மெஷினுக்கு மெஷின் முழுசா மாத்தி எழுதாம இருக்க, ஹார்டுவேரோட பேசுற பகுதியை மட்டும் தனியாப் பிரிச்சு, பயாஸ்னு பேர் வெச்சார்.

1980-ல் ஐபிஎம் அவரைத் தேடி வந்தது. பேச்சு கூடி வரலை. வாய்ப்பு மைக்ரோசாஃப்டுக்குப் போனது. ஆனா 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் போர்டு சிப்பில் பயாஸ் என்ற பேர் மட்டும் ஏறிடுச்சு. 1994-ல், 52 வயதில் கில்டால் காலமானார்.

பாஸ்வேர்டு பூட்டு பிற்பாடு மத்தவங்க சேர்த்தது. அது ஹார்டு டிஸ்கில் இல்லை, போர்டில் இருக்கு. பழைய கம்ப்யூட்டர்ல பட்டன் பேட்டரியைக் கழட்டினா பெரும்பாலும் அழியும். இப்போ வர்ற பல லேப்டாப்பில் அழியாது. பில்லோட கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போறதுதான் நேர்வழி. அதனால திருவள்ளூர்ல பழசு வாங்கினாலும், கடையிலேயே பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க. ஒரிஜினல் பில்லைக் கேட்டு வாங்குங்க.