ஏழையின் நாணயத்தை நம்பியவர்

கல்லிவர் கதையைக் கேட்டு மகிழாத குழந்தை உண்டா? அரை அடி உயரமுள்ள குள்ளர்கள், தூங்கிய கல்லிவரைக் கயிறுகளால் கட்டிப் போட்ட கதை அது. 1726-ம் ஆண்டு வெளிவந்த அந்த நூலை எழுதியவர் ஜோனாதன் ஸ்விப்ட். ஏழைத் தொழிலாளிகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவரும் அவரே!

தந்தை முகம் காணாதவர்

அயர்லாந்து நாட்டின் தலைநகரான டப்ளினில் 1667-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஸ்விப்ட் பிறந்தார். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். பெரியப்பாவின் ஆதரவில் படித்தார். பாதிரியாரானார். 1713-ல் டப்ளின் புனித பாட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவானார்.

ஓய்ந்த தறிகள்

தேவாலயத்தைச் சுற்றி நெசவாளர்கள் வாழ்ந்தார்கள். அப்போது அயர்லாந்து இங்கிலாந்தின் பிடியில் இருந்தது. அயர்லாந்தின் கம்பளித் துணி வெளிநாடுகளுக்குப் போகாதபடி 1699-ல் இங்கிலாந்து சட்டம் செய்தது. தறிகள் ஓய்ந்தன. வீடுகளில் அடுப்பு எரியவில்லை.

உள்நாட்டுத் துணியையே உடுத்துங்கள் என்று 1720-ல் ஸ்விப்ட் எழுதினார். இங்கிலாந்து வியாபாரி ஒருவர் அரசாங்க அனுமதியுடன் அயர்லாந்துக்கென்று அடித்த செப்புக் காசுகளை வாங்காதீர்கள் என்று 1724-ல் புனைபெயரில் கடிதங்கள் வெளியிட்டார். எழுதியவரைக் காட்டிக் கொடுத்தால் 300 பவுன் பரிசு என்று சர்க்கார் அறிவித்தது. அவர் யார் என்பது ஊரறிந்த ரகசியம். ஆனாலும் பசித்த மக்களில் ஒருவர்கூடக் காட்டிக் கொடுக்கவில்லை. மறு ஆண்டே அந்தக் காசுத் திட்டம் கைவிடப்பட்டது.

வாரம் இரண்டு ஷில்லிங்

செப்பு நாணயத்தை மறுத்த ஸ்விப்ட், மனிதரின் நாணயத்தை நம்பினார். தம் கையில் சேர்ந்த முதல் 500 பவுனை, உழைக்கும் கைத்தொழிலாளர்களுக்கு ஐந்தும் பத்துமாகக் கடன் கொடுத்தார். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஐந்து பவுன் வாங்கியவர் வாரம் 2 ஷில்லிங் கட்டினால் 50 வாரத்தில் கடன் தீரும். வட்டி கிடையாது.

நகையோ நிலமோ ஈடு கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் இருவர் ஜாமீன் நின்றால் போதும். யோக்கியனுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கும். குடிகாரனுக்கும் சோம்பேறிக்கும் யார் நிற்பார்கள்? இதுவே அவர் கணக்கு.

ஆனால் தவணை விஷயத்தில் அவர் மிகவும் கண்டிப்பு. நாள் தவறியவர்கள் மீது வழக்குப் போடச் சொன்னாராம். மக்கள் கொதித்தார்களாம், கடைசியில் திட்டத்தையே அவர் கைவிட நேர்ந்ததாம். ஸ்விப்டின் வரலாற்றை எழுதிய ஸாமுவேல் ஜான்சன் இப்படிக் கூறுகிறார்.

விதை முளைத்தது

முதுமையில் ஸ்விப்டின் காது கேட்கவில்லை, நினைவும் தடுமாறியது. 1745-ம் ஆண்டு அக்டோபர் 19-ந் தேதி காலமானார். அவர் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு, மனநோயாளிகளுக்கான மருத்துவமனை ஒன்று 1757-ல் டப்ளினில் திறக்கப்பட்டது.

அவர் காட்டிய கடன் வழியும் அழியவில்லை. அடுத்த நூற்றாண்டில் அயர்லாந்தில் சிறுகடன் நிதிகள் பெருகின. டெபாசிட் பெறவும் வட்டி வாங்கவும் 1823-ம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்கு இடம் தந்தது. 1840-ஐ ஒட்டி சுமார் 300 நிதிகள் இயங்கின. வாரத் தவணையும் அக்கம்பக்கத்தார் பொறுப்பும் வங்காள தேசம் முதலிய நாடுகளின் சிறுகடன் குழுக்களில் இன்றும் காணப்படுகின்றன.

ஏழைக்கு அவனுடைய நல்ல பெயரே சொத்து. அதை நம்பிக் கடன் கொடுக்கலாம். கொடுப்பவருக்குக் கணக்கோடு பொறுமையும் வேண்டும்.