பந்தெறி வல்லார் கிறிஸ்டி மாத்யூஸன்

முன்னுரை

புகழெய்துதற்கு உலகில் வழிகள் பல. சிலர் வாளாற் புகழ் பெற்றனர். சிலர் எழுதுகோலாற் பெற்றனர். சிலர் நாவன்மையாற் பெற்றனர். ஒரு சிறு பந்தைக் குறி தவறாமல் எறிந்தே ஒரு தேசத்தின் நன்மதிப்பைப் பெற்றவரும் உளர். அவருள் தலைசிறந்த ஒருவர் ஐக்கிய அமெரிக்க நாட்டினராகிய கிறிஸ்டி மாத்யூஸன் என்பார். விளையாட்டை வெறும் பொழுதுபோக்கென்று எண்ணுவோர் இவர் சரித்திரத்தைப் படிப்பின், மனிதனுடைய உள்ளத்தை ஆட்டக்களமும் அளந்து காட்டும் என்பதை உணர்வர்.

ஆட்டத்தின் இயல்பு

அமெரிக்கர் பெரிதும் விரும்பும் பேஸ்பால் ஆட்டத்தை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ஆதலின் அதன் இயல்பைச் சிறிது கூறுவாம். கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து பெரும்பாலும் தரையில் மோதி எழுந்து அடிப்பவனிடம் செல்லும். பேஸ்பாலிலோ அது தரையைத் தொடாமல் நேரே வரும். எறிபவன் அறுபதடி ஆறங்குல தூரத்தில் ஒரு மேட்டின்மேல் நின்று எறிவான். அடிப்பவன் உருண்டையான கோலால் அடித்து, தொண்ணூறு தொண்ணூறு அடி இடைவெளியில் சதுரமாக அமைந்த நான்கு நிலைகளையும் சுற்றி வருவானாயின் ஓர் ஓட்டம் கிடைக்கும். மும்முறை தவறினால் அவன் ஆட்டமிழப்பான். எறிபவன் நான்கு முறை எல்லை தவறி எறிந்தால், அடிப்பவன் உழைப்பின்றியே முதல் நிலையை அடைவான். பக்கத்துக்கு மூவர் ஆட்டமிழந்தால் ஒரு சுற்று முடியும். ஒன்பது சுற்றுகள் கொண்டது ஓர் ஆட்டம். எதிரிகள் ஓர் ஓட்டமும் பெறாதவாறு ஒன்பது சுற்றும் தனியே எறிந்து முடிப்பது எறிபவனுக்குப் பெருஞ்சிறப்பு.

பிறப்பும் கல்வியும்

மாத்யூஸன் 1880ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12ஆம் தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் பாக்டரிவில் என்னும் சிற்றூரிற் பிறந்தார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் அகன்ற தோளும் உடையவராய் வளர்ந்தார். 1898ஆம் வருஷத்தில் லூயிஸ்பர்க் நகரிலுள்ள பக்னல் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்கே படிப்பிலும் பந்தாட்டங்களிலும் ஒருங்கே சிறந்து விளங்கினார். இலக்கியச் சங்கத்தில் உறுப்பினராயிருந்தார். உடன்பயின்றோர் அவரையே தம் வகுப்புத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். அக்காலத்துப் பேஸ்பால் ஆட்டக்காரரிற் பலர் கல்வியறிவில்லாதவர். குடியும் சண்டையும் மலிந்தவர் என்று பெயர் பெற்றிருந்தனர். நல்ல குடும்பத்தார் தம் மைந்தர் அத்தொழிலிற் புகுவதை விரும்பிலர். அத்தகைய கூட்டத்துள் ஒரு கல்லூரி மாணவர் புகுந்தது புதுமையாகவே கருதப்பட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவதில்லை என்று தம் அன்னையாருக்கு அவர் கொடுத்த வாக்குறுதியைத் தம் ஆட்ட நாட்களிற் காத்துவந்தார். சங்கத்தாரும் அதற்கு இசைந்து கொண்டனர்.

தோல்வியில் தொடக்கம்

1900ஆம் வருஷத்தில் நார்போக் நகரச் சங்கத்திற்காக ஆடி இருபது ஆட்டங்களில் வென்றார், இரண்டிலேயே தோற்றார். உடனே நியூயார்க் ஜயண்ட்ஸ் என்னும் பெருஞ்சங்கத்தார் அவரை அழைத்துக்கொண்டனர். ஆயினும் அவ்வாண்டு அவர் அங்கே மூன்று ஆட்டங்களில் தோற்று ஒன்றிலும் வென்றிலர்; வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார். பின்னர் மீண்டும் நியூயார்க் சேர்ந்து, 1901ஆம் வருஷம் ஜூலை 15ஆம் தேதி செயிண்ட் லூயிஸ் சங்கத்தார் ஒருமுறையேனும் பந்தை அடித்து முதல் நிலை சேராதவாறு ஓர் ஆட்டத்தை முடித்தார். அவ்வளவிருந்தும், 1902இல் சங்கத் தலைவராயிருந்தவர் அவரை எறியும் வேலையினின்று நீக்கி முதல் நிலையைக் காக்க வைத்துப் பார்த்தார்! அவ்வாண்டு நடுவில் ஜான் மாக்ரா என்பார் தலைமையேற்று, அவரை அவருக்குரிய இடத்திலே நிறுத்தினார். மாக்ரா முன்கோபி; எவரையும் கடிந்து பேசுபவர். மாத்யூஸனோ அமைதியே உருவானவர். இவ்விருவரும் வாழ்நாள் முழுவதும் உற்ற நண்பராயினர்.

எறியும் திறம்

மாத்யூஸனுடைய வன்மை வேகத்தில் மட்டும் அடங்கியதன்று. வலக்கையால் எறிவோரின் வளைபந்து, வலப்புறத்து அடிப்பவனை விட்டு அப்பால் விலகிச் செல்வது இயல்பு. இவரோ மணிக்கட்டை எதிர்ப்புறமாகத் திருப்பி, பந்து அவனை நோக்கி உள்ளே வளைந்து தாழுமாறு எறிந்தார். மங்கி மறைவது போலத் தோன்றியதால் அதனை ‘பேட்-அவே’ என்றனர். அது கைக்கு மிகுந்த வருத்தம் தருவதாதலின், ஓர் ஆட்டத்தில் சிலமுறையே அதனைக் கையாண்டார்; நெருக்கடி நேரத்திற்கென்று சேமித்து வைத்தார். எதிரிகளுள் ஒவ்வொருவருடைய குறைபாட்டையும் நினைவில் வைத்திருந்தார். குறி தவறாமையே அவருடைய தலையாய சிறப்பு. 1913ஆம் வருஷத்தில் 306 சுற்றுகள் எறிந்து, இருபத்தொருவருக்கே உழைப்பின்றி முதல் நிலை சேரும் வாய்ப்பளித்தார். அவ்வாண்டில் தொடர்ச்சியாக 68 சுற்றுகளில் ஒருவருக்கும் அதனை அளித்திலர்.

ஆறு நாட்களில் மூன்று வெற்றி

அமெரிக்காவில் தேசிய லீக், அமெரிக்கன் லீக் என இரு பெருங்கூட்டங்கள் உண்டு. அக்காலத்தில் ஒவ்வொன்றிலும் முதலிடம் பெற்ற சங்கங்கள் அக்டோபர் மாதத்தில் உலகப் பந்தயத் தொடரில் மோதின. 1905ஆம் வருஷத்தில் நியூயார்க் சங்கத்தை எதிர்த்து வந்தது, கானி மாக் என்பாரின் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் சங்கம். அக்டோபர் 9ஆம் தேதி மாத்யூஸன் எறிந்தார். மூன்றுக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கில் நியூயார்க் வென்றது. 12ஆம் தேதி மீண்டும் எறிந்தார், ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. இடையே ஒருநாள் மட்டும் ஓய்ந்து 14ஆம் தேதியும் எறிந்தார், இரண்டுக்கு ஒன்றுமில்லை. ஆக ஆறே நாட்களில் இருபத்தேழு சுற்றுகள். எதிரிகள் பெற்ற ஓட்டம் ஒன்றுமில்லை! சில முறையே அவர்கள் பந்தை அடித்து நிலை சேர்ந்தனர். பதினெண்மர் மும்முறை தவறி வீழ்ந்தனர். தவறிய எறிகளால் முதல் நிலை பெற்றவர் ஒருவரே.

அக்டோபர் வந்தாலே அமெரிக்க ரஸிகர்கள் எவர் எறிதல் தலைசிறந்தது என்று வாதாடுவது வழக்கம். 1956இல் ஒருவரையும் முதல் நிலைக்கு விடாமல் ஓர் ஆட்டத்தை முடித்த டான் லார்ஸனை ஒருவர் எடுத்துரைப்பார். 1968இல் ஒரே ஆட்டத்திற் பதினெழுவரை மும்முறை தவறச் செய்த பாப் கிப்ஸனை மற்றொருவர் போற்றுவார். 2014இல் இருபத்தொரு சுற்றுகள் எறிந்து ஓர் ஓட்டமே கொடுத்த மாடிஸன் பம்கார்னரை இளைஞர் முன்னிறுத்துவர். அவர் ஆடியதும் ஜயண்ட்ஸ் சங்கமே. அது 1958ஆம் வருஷம் முதல் ஸான் பிரான்சிஸ்கோவில் நிலைபெற்றுள்ளது. மாத்யூஸன் காலத்துப் பந்து விசையற்றது. அழுக்கேறியும் நைந்தும் போன பின்னும் அதுவே ஆட்டத்தில் வைக்கப்பட்டது. ஆதலின் அடித்தல் அன்று அரிதாயிற்று என்று சிலர் தடை கூறுவர். அதில் உண்மை உண்டு. அத்தொடரின் ஐந்து ஆட்டங்களிலும் தோற்ற பக்கத்தார் ஓர் ஓட்டமும் பெற்றிலர் என்பதே சான்று. ஆயினும் அதே பந்தை அன்று பலர் எறிந்தனர். ஆறு நாட்களில் மும்முறை இவ்வாறு வென்றவர் இவர் ஒருவரே. ஒருவரை அவர் காலத்தவரோடு ஒப்பிட்டு மதிப்பிடுதலே நேர்மையாகும்.

தோல்வியிற் கண்ட பெருமை

வெற்றியினும் தோல்வியே மாத்யூஸனின் உள்ளத்தை நன்கு விளக்கியது. 1908ஆம் வருஷத்தில் முப்பத்தேழு ஆட்டங்களில் வென்றார். அவ்வாண்டு செப்டம்பர் 23ஆம் தேதி சிகாகோ சங்கத்தாருடன் நடந்த ஆட்டத்தில் நியூயார்க் வென்றதாகவே எல்லாரும் எண்ணினர். ஆனால் பிரெட் மெர்க்கில் என்ற பத்தொன்பது வயது இளைஞர், வெற்றி கிடைத்துவிட்டதென்று எண்ணி, இரண்டாம் நிலையைத் தொடாமலே களத்தைவிட்டு அகன்றார். நடுவர் அவர் ஆட்டமிழந்ததாகத் தீர்ப்பளித்தார், ஆட்டம் சமமாயிற்று. ஆண்டு முடிவில் இரு சங்கங்களும் சமநிலை எய்தவே, அக்டோபர் 8ஆம் தேதி அவ்வாட்டம் மறுபடி நடந்தது. ஆண்டு முழுதும் எறிந்து களைத்த கையுடன் நின்ற மாத்யூஸன் தோற்றார். நகரத்தார் பலர் மெர்க்கிலைப் பழித்தனர். சங்கத்தாரோ அவ்விளைஞரைக் கைவிட்டிலர்.

1912ஆம் வருஷத்து உலகப் பந்தயத் தொடரின் இறுதியாட்டம் பாஸ்டன் நகரில் பத்தாம் சுற்று வரை நீண்டது. நியூயார்க் ஓர் ஓட்டம் முந்தியிருந்தது. அந்நிலையில் மாத்யூஸன் எறிய, உயர எழுந்த எளிய பந்தொன்றை பிரெட் ஸ்நாட்கிராஸ் கைநழுவ விட்டார். மற்றொரு பந்து மூவர் நடுவே ஒருவர் கையிலும் படாமல் வீழ்ந்தது. பாஸ்டன் வென்றது. 1905இல் எறிந்த மூன்றிலும் வென்றவர், 1912இல் எறிந்த மூன்றில் ஒன்றிலும் வென்றிலர். திறமை அவ்வளவு குறைந்து விட்டதோ? இல்லை. எறிபவர் ஒருவரே, அவர் பின்னே களத்தில் எண்மர் நிற்கின்றனர். அவர்களுடைய கைகளிலும் அவருடைய பெயர் தங்கியுள்ளது. நான்கு உலகத் தொடர்களில் எறிந்த பதினோராட்டங்களில், ஒன்பது சுற்றுக்கு ஏறத்தாழ ஓர் ஓட்டத்தையே தம் எறியால் விட்டவர்க்கு, வெற்றி ஐந்து, தோல்வியும் ஐந்து. எண்ணிக்கை மட்டும் கண்டு ஒருவரை அளப்பது எத்துணைப் பிழை!

நேர்மையின் சோதனை

1916ஆம் வருஷத்தில் மாத்யூஸன் சின்சினாட்டி சங்கத்தின் தலைவராகச் சென்றார். அங்கே முதல் நிலையைக் காத்தவர் ஹால் சேஸ் என்னும் வல்லவர். அவர் ஆடுந்திறத்திற் சூதாட்டத்தின் வஞ்சம் கலந்திருப்பதாகக் கண்ட மாத்யூஸன், 1918 ஆகஸ்டில் அவரை ஆட்டத்தினின்று விலக்கினார். சின்னாட்களில் தாமே யுத்த சேவையை மேற்கொண்டு, நச்சுக்காற்றுப் படைப்பிரிவிற் காப்டனாகப் பிரான்ஸ் தேசம் சென்றார். அவர் கடல் கடந்திருந்த காலத்தில் விசாரணை நடந்தது. சான்று போதாதென்று சேஸ் விடுவிக்கப்பட்டார். 1919இல் மாத்யூஸன் திரும்பி நியூயார்க் சங்கத்தில் மாக்ராவுக்குத் துணைவராக அமர்ந்தபோது, அச்சங்கத்தின் முதல் நிலையில் நின்றவர் அந்தச் சேஸே! இதனினும் கசப்பான நிலை வேறுண்டோ? அவ்வாண்டு அக்டோபரில் உலகத் தொடரை ஒரு பத்திரிகையாளருடன் அமர்ந்து பார்த்த மாத்யூஸன், சிகாகோ வீரரின் ஐயத்திற்குரிய செயல்களைக் கூர்ந்து கவனித்தார். அவர் ஐயம் வீண்போகவில்லை. 1921ஆம் வருஷத்தில் எண்மர் என்றென்றைக்கும் விலக்கப்பட்டனர்.

இறுதி நாட்கள்

பிரான்ஸில் பயிற்சியின்போது அவர் நச்சுக்காற்றைச் சுவாசித்திருந்தார். 1920இல் காசநோய் அவரைப் பற்றியது. நச்சுக்காற்றே காரணமென்பது பலர் கொள்கை. ஆயின் அவர் தம்பியார் ஒருவரும் அதற்கு முன்னரே அந்நோயால் இறந்தவர். நியூயார்க் மாகாணத்து மலைப்புறமாகிய ஸாரனாக் லேக் என்னுமிடத்தில் மனைவியார் ஜேன் அம்மையாரின் பணிவிடையால் ஒருவாறு தேறினார். 1923இல் பாஸ்டன் பிரேவ்ஸ் சங்கத்தின் அக்கிராசனராயினார். ஆயினும் உழைப்பை அவ்வுடல் தாங்கவில்லை. 1925ஆம் வருஷம் அக்டோபர் 7ஆம் தேதி, தம் நாற்பத்தைந்தாம் வயதில் உயிர் நீத்தார். அந்நாளே உலகப் பந்தயத் தொடரின் முதல் நாள். மறுநாள் இரு பக்கத்து வீரரும் கையிற் கறுப்புப் பட்டை அணிந்து களமிறங்கினர். தாம் பயின்ற கல்லூரிக்கு அருகே லூயிஸ்பர்க் நகரில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

முடிவுரை

மாத்யூஸன் வென்ற ஆட்டங்கள் 373. தேசிய லீக்கில் அதனினும் மிகுதியாக வென்றவர் எவருமிலர். அலெக்ஸாந்தர் என்பார் ஒருவரே அவ்வெண்ணை எட்டினார். 1936ஆம் வருஷத்தில் புகழ் மண்டபத்திற்கு முதன்முதல் ஐவரைத் தெரிந்தெடுத்தபோது, அவருள் உயிரோடில்லாதவர் இவர் ஒருவரே.

மாணவ நண்பர்காள்! ஆறு நாட்களில் மும்முறை வெல்லும் வாய்ப்பு நம்முள் எவருக்குக் கிட்டுமோ அறியோம். ஆனால் பிறர் கைநழுவ விட்ட பந்தால் நாம் தோற்கும் நாள் ஒவ்வொருவருக்கும் வரும். வஞ்சகனோடு ஒரே பலகையில் அமர நேரும் நாளும் வரலாம். அந்நாட்களில் மாத்யூஸன் நின்றவாறு நிற்பதே கற்றவர்க்கு அழகு. அவர் எறிந்த பந்துகள் மண்ணாகிவிட்டன. அவர் நின்ற நிலை நம் நினைவில் நிற்கத் தக்கது.