பூவின் மஞ்சளுக்குள் என்ன இருக்கு? குளித்தலை விஞ்ஞானி டி.ஆர்.சேஷாத்ரியின் கதை

காபியில் உள்ள கஃபீன், பருத்திப் பூவின் மஞ்சள் நிறம், நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல. இவற்றுக்குள் ஒரு ஒற்றுமை உண்டு. மூலக்கூறில் ஒரு வளையம் இருக்கும். அதில் கார்பனோடு நைட்ரஜனோ ஆக்சிஜனோ கைகோத்து நிற்கும். இதுதான் ஹெட்டரோசைக்ளிக் சேர்மம். இதில் ஆக்சிஜன் வளையங்களுக்காகவே வாழ்ந்தவர் டி.ஆர்.சேஷாத்ரி.

யார் இவர்?

1900 பிப்ரவரி 3-ல் குளித்தலையில் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். ராபின்சன் பின்னாளில் நோபல் பரிசு பெற்றவர். ஊர் திரும்பிய சேஷாத்ரி, 1930-களில் வால்டேர் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையைக் கட்டியெழுப்பினார்.

போர் வந்தபோது?

இரண்டாம் உலகப் போரில் வளாகம் ராணுவத்தின் கைக்குப் போனது. ஆய்வகம் குண்டூருக்கும், அப்புறம் சென்னைக்கும் இடம் மாறியது. வெளிநாட்டு ரசாயனம் கிடைப்பதே கஷ்டம். ஆனால் அவருக்கு வேண்டிய மூலப்பொருள் கப்பலில் வர வேண்டியதில்லை. பருத்திப் பூவும் செம்பருத்தி இனப் பூக்களும் இங்கேயே கிடைத்தன. அவற்றின் நிறமிகளான ஃபிளேவனாய்டுகளைப் பிரித்து, அமைப்பைக் கண்டுபிடித்து, ஆய்வகத்திலும் உருவாக்கிக் காட்டியது அவருடைய குழு.

என்ன புதுசு?

வளையத்தில் கூடுதலாக ஆக்சிஜன் சேர்க்க, காரம் கலந்த தண்ணீரில் பொட்டாசியம் பெர்சல்பேட்டைப் பயன்படுத்தினார்கள். செடியும் இப்படிப் படிப்படியாகத்தான் ஆக்சிஜனைச் சேர்க்கிறது என்பது சேஷாத்ரியின் கருத்து.

இன்று என்ன மாறியிருக்கு?

பசுமை வேதியியலின் 12 கோட்பாடுகள் வந்தது 1998-ல்தான். சேஷாத்ரி காலத்தில் எல்லாமே பசுமை இல்லை. மெத்தில் தொகுதியைச் சேர்க்க, கடும் நச்சான டைமெத்தில் சல்பேட்டைத்தான் நம்பியிருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் நச்சு குறைந்த டைமெத்தில் கார்பனேட் வருகிறது. வளையத்தை மூட அடர் கந்தக அமிலத்துக்குப் பதில் களிமண்ணே வினையூக்கியாகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மையாகும் களிமண்ணுக்கு இது தூரத்துச் சொந்தம். வேலை முடிந்ததும் வடிகட்டி எடுத்து, மறுபடி பயன்படுத்தலாம்.

கடைசிவரை?

1949-ல் டெல்லி பல்கலைக்கழகம் சென்றார். 1960-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1963-ல் பத்மபூஷண். ஓய்வுக்குப் பிறகும் ஆய்வை விடவில்லை. 1975 செப்டம்பர் 27-ல் மறைந்தார். அவரிடம் பயின்று முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நூறு பேருக்கும் மேல்.