வளையங்களின் ரகசியம்

தட்டையான கண்ணாடி மேல் குவிலென்சை வைத்தால், அவை தொடும் இடத்தைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரியும். இவை 'நியூட்டன் வளையங்கள்'. ஆனால், இவை ஏன் உண்டாகின்றன என்று சரியாகச் சொன்னவர் தாமஸ் யங்.

1773ல் இங்கிலாந்தில் பிறந்த யங், இரண்டு வயதிலேயே படிக்கத் தெரிந்தவராம்! தொழில், மருத்துவம். லென்சின் அடிப்பக்கத்திலும் கண்ணாடியின் மேற்பக்கத்திலும் பட்டுத் திரும்பும் ஒளி அலைகளில், மேடும் மேடும் சேர்ந்தால் வெளிச்சம். மேடும் பள்ளமும் சேர்ந்தால் இருட்டு. நடுவிலிருந்து விலக விலக இடைவெளி கூடுவதால், இரண்டும் மாறி மாறி வளையங்களாகின்றன. யங் இதை 1801ல் விளக்கினார்.

ஒளியைத் துகள் என்ற நியூட்டனையே மறுப்பதா? ஒரு பத்திரிகை யங்கைக் கடுமையாகத் தாக்கியது. அவர் வெளியிட்ட பதில் நூல் ஒரே ஒரு பிரதிதான் விற்றதாம், பாவம்!

1819ல் ஒளி அலையே என்று காட்டிய பிரெனலுக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் பரிசளித்தது. யங் அதைப் பார்த்துவிட்டு, 1829ல் மறைந்தார்.