இசைக்கு நிரல் எழுதிய கட்டடக் கலைஞர் யானிஸ் செனாக்கிஸ்

1962ஆம் ஆண்டு மே 24ஆம் தேதி, பாரிஸ் நகரில் உள்ள ஐபிஎம் அலுவலகத்தில் ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. அங்கு வாசிக்கப்பட்ட படைப்பின் பெயர் எஸ்டி/10-1, 080262. வாகன எண் போலத் தெரிந்தாலும் அதற்குப் பொருள் உண்டு. எஸ்டி என்றால் நிகழ்தகவுக் கணக்கில் அமைந்த இசை. 10 என்பது இசைக்கருவிகளின் எண்ணிக்கை, 1 என்றால் அந்த வகையில் முதலாவது. கடைசியில் உள்ளது, கணினி அதைக் கணக்கிட்டுத் தந்த தேதி: 1962 பிப்ரவரி 8.

அந்தப் படைப்பை உருவாக்கியவர் யானிஸ் செனாக்கிஸ். இடக் கண்ணை இழந்தவர். தாயகம் திரும்பினால் சிறை என்ற நிலையில் பிரான்சில் வாழ்ந்த கிரேக்க அகதி.

1920களின் தொடக்கத்தில் ருமேனியாவின் பிரைலா நகரில், கிரேக்க வணிகர் குடும்பத்தில் பிறந்தார் செனாக்கிஸ். ஐந்து வயதில் தாயை இழந்தார். பத்து வயதில் கிரேக்கத்தின் ஸ்பெட்சஸ் தீவில் உள்ள விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார். பின்னர் ஏதென்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது இரண்டாம் உலகப் போர் வந்துவிட்டது. கல்லூரி திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. அவர் நாட்டை ஆக்கிரமித்தவர்களுக்கு எதிரான இயக்கத்தில் சேர்ந்தார்.

ஜெர்மானியர் வெளியேறிய பிறகும் சண்டை ஓயவில்லை. இம்முறை எதிரே நின்றது பிரிட்டிஷ் படை. 1945 ஜனவரியில் பிரிட்டிஷ் டாங்கி ஒன்றின் குண்டு வெடித்ததில் அவருடைய முகத்தின் இடப்பக்கம் சிதைந்தது. இனிப் பிழைக்க மாட்டார் என்றே உடனிருந்தவர்கள் நினைத்தார்கள். பிழைத்தார், படிப்பையும் முடித்தார். ஆனால் இடதுசாரிகள் வேட்டையாடப்பட்ட காலம் அது. 1947இல் போலிக் கடவுச்சீட்டோடு இத்தாலி வழியாகப் பாரிஸ் போய்ச் சேர்ந்தார். அவர் இல்லாமலேயே வழக்கை நடத்தி மரண தண்டனை விதித்தது கிரேக்கம். 1951இல் அது பத்தாண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

பாரிஸில் அவருக்குச் சோறு போட்டது பொறியியல்தான். புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயின் அலுவலகத்தில் கான்கிரீட் கணக்குப் போடும் வேலை கிடைத்தது. மெல்ல மெல்ல வடிவமைப்பும் அவர் கைக்கு வந்தது. இந்தியாவின் சண்டிகரில் எழுந்த அரசாங்கக் கட்டடங்களுக்கான பணியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

பகலில் கணக்கு, இரவில் இசை. முப்பது வயதை நெருங்கிய நிலையில் பாடம் கேட்க ஆசிரியர்களைத் தேடி அலைந்தார். இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் மட்டும் வேறு விதமாகச் சிந்தித்தார். இந்த வயதில் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டாம், நீங்கள் கிரேக்கர், கணிதம் படித்தவர், கட்டடக்கலை தெரிந்தவர், அவற்றையே இசைக்குள் கொண்டுவாருங்கள் என்று அறிவுரை சொன்னார். ஓர் ஆசிரியர் இப்படிச் சொல்வது அபூர்வம்.

அதன் விளைவு 1955இல் ஜெர்மனியில் அரங்கேறிய ‘மெட்டாஸ்டாசிஸ்’. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்வதை நம் வித்வான்கள் ஜாரு என்பார்கள். செனாக்கிஸ் அந்த வழுக்கலைப் பல வயலின்களுக்குத் தனித்தனி வேகத்தில் கொடுத்தார். தாளில் அவை சாய்ந்த நேர்க்கோடுகள். அத்தனையும் சேரும்போது வளைந்த பரப்பு ஒன்று தோன்றுகிறது. 1958 பிரசல்ஸ் உலகக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனத்துக்கு எழுப்பிய கூடத்தின் சுவர்களும் அதே முறையில் உருவானவை. முதலில் லெ கொர்புசியேயின் பெயர் மட்டுமே முன்னின்றது. செனாக்கிஸ் விடவில்லை. வாதாடித் தம் பெயரையும் சேர்க்க வைத்தார். 1959இல் அந்த அலுவலகத்தோடு இருந்த உறவு கசப்பாக முடிந்தது.

கணினி எங்கே வந்தது என்பதற்குத் தோட்டத்து லயன் வீட்டின் தகரக் கூரையை நினைத்துக்கொண்டால் போதும். மழை தொடங்கும்போது துளி துளியாகக் கேட்கும். வலுத்த பிறகு தனித் துளி காதில் விழாது. ஒரே இரைச்சல்தான், அந்த இரைச்சலுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. ஏதென்ஸ் வீதிகளில் ஆயிரக்கணக்கானோர் ஒரே தாளத்தில் எழுப்பிய முழக்கம், துப்பாக்கி வெடித்ததும் சிதறிப் போனதை அவர் கேட்டிருந்தார். அந்த ஒழுங்கையும் சிதறலையும் இசையாக்க அவர் நாடியது நிகழ்தகவுக் கணிதம். 1950களில் ‘பித்தோப்ராக்டா’ என்ற படைப்புக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேகங்களைக் கையாலேயே கணக்கிட்டார்.

அந்த உழைப்பைக் கணினியிடம் ஒப்படைப்பதே அடுத்த படி. ஐபிஎம் 7090 கணினி அன்று சாதாரண மனிதர் தொட முடியாத பொருள். கேட்டுப் பெற்றார். எந்த நொடியில், எந்தக் கருவி, எந்தச் சுரத்தை, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதை நிரல் தீர்மானித்தது. கணினி ஒலி எழுப்பவில்லை, எண்களையே அச்சிட்டது. அவற்றைச் சுரக்குறிப்பாக மாற்றியவர் செனாக்கிஸ். நிரலையும் மறைத்து வைக்கவில்லை, தம் நூலில் வரிக்கு வரி வெளியிட்டார்.

அவருடைய இசை காதுக்கு இனிமையானது என்று சொல்லிவிட முடியாது. முதல் முறை கேட்பவர் முகம் சுளிக்கவும் கூடும். ஆனால் 1977இல் அவர் குழு முடித்த ‘யூபிக்’ கருவியைப் பிடிக்காதவர் இருக்க மாட்டார். கணினியோடு இணைந்த பெரிய வரைபலகை அது. இடமிருந்து வலம் நேரம் ஓடும், மேலே போகப் போகச் சுருதி ஏறும். கோலம் போடுவது போல ஒரு கோட்டை இழுத்தால் அது ஒலியாகத் திரும்பி வரும். சுரம் எழுதத் தெரியாத சிறுவர்களும் அதில் இசையமைத்தார்கள். முப்பது வயதில் ஆசிரியரைத் தேடி அலைந்தவர் செய்த கருவி அது. அதே எண்ணத்தில் பிறந்த செயலி இன்று கைப்பேசியிலும் கிடைக்கிறது.

இதற்கிடையே மாண்ட்ரியல், பாரிஸ் போன்ற நகரங்களில் ஒளியையும் ஒலியையும் இணைத்துப் பெரிய காட்சிகளை அமைத்தார். 1974இல் கிரேக்கத்தில் இராணுவ ஆட்சி வீழ்ந்தது, தண்டனையும் நீங்கியது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு, பிரெஞ்சுக் குடிமகனாகத் தாயகத்தில் கால் வைத்தார்.

எழுபது வயதை நெருங்கும்போதும் நிரல் எழுதுவதை விடவில்லை. 1991இல் வெளிவந்த ‘ஜெண்டி 3’ படைப்பில் ஒலி அலையையே கணினி உருவாக்கியது, வாசிக்க ஆள் தேவைப்படவில்லை. 1997இல் எழுதிய கடைசிப் படைப்புக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் கடைசி எழுத்தான ‘ஒமேகா’வைப் பெயராக வைத்தார். இறுதி ஆண்டுகளில் நினைவு மங்கியிருந்த செனாக்கிஸ், 2001 பிப்ரவரி 4ஆம் தேதி பாரிஸில் காலமானார்.